கடலூரிலிருந்து காட்டு ஆராய்ச்சிக்கு: எம்.எஸ்சி. முதல் போஸ்ட்டாக் வரை

"அக்கா, எம்.எஸ்சி. பாட்டனி முடிச்சுட்டேன். வீட்டுல பி.எட். சேரச் சொல்றாங்க. எனக்கு மரம், பறவைன்னு ஆராய்ச்சி பண்ணணும். யாரைப் போய்ப் பார்க்கணும்?"

போன மாதம் கடலூர் – புதுச்சேரி பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டுக் கேட்டது. கன்னியக்கோயிலில் அவள் இறங்குவதற்குள் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. ஊரிலேயே பி.எஸ்சி. தாவரவியல், காலாப்பட்டில் எம்.எஸ்சி., பிஎச்.டி., அப்புறம் ஜெர்மனியில் இரண்டு வருடம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஆராய்ச்சிப் பக்கம் போனதில்லை. அதனால் நான் தட்டித் தடவிக் கண்டுபிடித்த வழியைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஓர் இடம்

எல்லோரும் அறிவிப்புகளிலிருந்து தொடங்குகிறார்கள். எங்கே விளம்பரம் வந்திருக்கிறது, கடைசித் தேதி எப்போது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ போய்வரக்கூடிய ஓர் இடத்தைப் பிடியுங்கள். ஒரு வருடம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அங்கே போய் நில்லுங்கள். சூழலியலில் மதிப்பெண்ணைவிட இது உங்களைத் தூக்கிவிடும்.

நம் கடற்கரை இதற்கு வாகானது. வடக்கே மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புதுச்சேரிக்கு மேற்கே ஊசுட்டேரி. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இடையில் கெடிலம், பெண்ணையாறு முகத்துவாரங்கள், பெருமாள் ஏரி, கேப்பர் மலை.

எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானவை கோயில் காடுகள். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியிருப்பது, கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம். இவை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள். மழை பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற நாளெல்லாம் வறட்சி. அப்படியும் காசா, வீரை, உலக்கைப் பாலை எல்லாம் வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கின்றன. சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த இந்தக் காடு இன்று துண்டு துண்டாகக் கோயில்களை ஒட்டித்தான் மிஞ்சியிருக்கிறது. திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் 90-களிலேயே மரம் மரமாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நம் ஊர் ஏற்கெனவே ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தபோது எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் இருந்தேன். முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பொங்கலுக்குப் பிறகு திருமாணிக்குழிக்குப் போய், கோயில் காட்டுக்குள் எது விழுந்திருக்கிறது, எது நிற்கிறது என்று ஒரு கணக்கு நோட்டில் எழுதி வந்தேன். மரங்களின் பெயர்கூடப் பாதி தெரியாது. அந்த நோட்டைத்தான் என் முதல் ஃபீல்டு என்று இன்றும் சொல்கிறேன்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, நேரம், வானிலை, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது கட்டாயம். ஐம்பது மரங்களுக்கு எண் கொடுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து குறியுங்கள். ஒவ்வொரு முறையும் துளிர், பூ, காய், பழம் இருக்கிறதா என்று பாருங்கள். யார் வந்து தின்கிறார்கள் என்று பாருங்கள். எதுவும் நடக்காத நாளிலும் "எதுவும் இல்லை" என்று எழுதுங்கள், அந்த வரியும் தரவுதான். பறவைகளை ஈ-பேர்டு இணையதளத்திலும் செடிகளை ஐ-நேச்சுரலிஸ்ட் இணையதளத்திலும் பதிந்து வந்தால் உங்கள் உழைப்புக்குத் தேதியோடு சாட்சி கிடைக்கும்.

செடியின் பெயர் தெரியவில்லை என்றால் புதுச்சேரி செயிண்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை நினைவில் வையுங்கள். 1955-இல் தொடங்கியது. அங்கே உலர்தாவரத் தொகுப்பான ஹெர்பேரியமும் மகரந்தத் தொகுப்பும் இருக்கின்றன. குடகில் உப்பங்களா என்ற இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிரந்தர ஆய்வுப் பகுதி வைத்து மரங்களைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். முன்கூட்டி எழுதி அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். ஆரோவில்லின் தாவரவியல் பூங்காவிலும் பிச்சாண்டிக்குளம் காட்டிலும் இதே உலர் காட்டு மரங்களைத்தான் மீட்டு வளர்க்கிறார்கள். நாற்று நிலையில் ஒரு மரத்தை அடையாளம் காணப் பழக அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

கடிதம்

2017-இல் எம்.எஸ்சி. முடித்ததும் நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சூழலியலில் மிகுந்த ஆர்வம் உண்டு, உங்கள் மேலான ஆய்வகத்தில் வாய்ப்புத் தந்தால் கடுமையாக உழைப்பேன்" என்ற வகை. இரண்டு பதில் வந்தது, இரண்டும் இடமில்லை என்று. பெயரை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய கடிதம் அது. படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக எழுதினேன். திருமாணிக்குழியில் 14 மாதம் 60 மரங்களைப் பார்த்து வருகிறேன். பனை மரங்களுக்கு அடியில், பக்கத்தில் தாய்மரமே இல்லாத இடத்தில், இலுப்பை நாற்றுகள் கொத்தாக முளைக்கின்றன. இரவில் உட்கார்ந்து பார்த்ததில் பழந்தின்னி வௌவால்கள் பழத்தை அங்கே கொண்டுவந்து தின்று கொட்டையைப் போடுகின்றன. இந்த நாற்றுகளில் எத்தனை பிழைக்கின்றன என்று அளக்க ஆசை. நீங்கள் விதைப்பரவல் பற்றி எழுதிய இந்தக் கட்டுரையில் கையாண்ட முறையை இங்கே பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தேன். பத்துப் பேருக்குத்தான் அனுப்பினேன். ஆறு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் மறுநாளே தொலைபேசி எண் கேட்டார்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. மதிப்பெண் பட்டியலையும் சான்றிதழ்களையும் இணைக்காதீர்கள். இரண்டு பக்க பயோடேட்டா போதும். யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய சமீபத்திய கட்டுரை இரண்டையாவது முழுக்கப் படித்திருக்கவேண்டும். இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். ஆங்கிலம் அழகாக இல்லையே என்று தயங்கவேண்டாம். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், பார்த்ததை எழுதுங்கள்.

பதில் வந்தவுடன் மகிழ்ச்சியில் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடமும் முடித்து வெளியேறியவர் ஒருவரிடமும் பேசுங்கள். கைடு வாரம் ஒருமுறையாவது சந்திக்கிறாரா, உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, கட்டுரையில் யார் பெயர் முதலில் போகிறது, எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள், பெண்கள் ஃபீல்டுக்குப் போனால் தங்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். நான் பிஎச்.டி.க்கு முன் ஓர் இடத்தில் திட்ட உதவியாளராக இருந்தேன். ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. அப்பாவிடம் பஸ் காசு வாங்கிக்கொண்டு ஃபீல்டுக்குப் போனேன். அங்கே முன்பு இருந்தவரிடம் ஒரு தடவை பேசியிருந்தால் அது எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

தேர்வுகள்

சரி, தேர்வு இல்லாமல் முடியாது. பிஎச்.டி.க்கு நம் நாட்டில் பெரிய வாசல் சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட், உயிர் அறிவியல் தாள். பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை. இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2024 முதல் ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி ஆகியவற்றுக்குக் கீழே பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் என்று மூன்றாவது தகுதியும் வந்திருக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும்.

இந்தத் தாளைப் பார்த்துச் செடி, விலங்கு படித்தவர்கள் பயப்படுகிறார்கள். மூலக்கூறு உயிரியல் நிறைய வரும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 'பி' பகுதியில் 50 கேள்விகளில் 35 எழுதினால் போதும். 'சி' பகுதியில் 75-இல் 25, ஒவ்வொன்றும் 4 மதிப்பெண். 200-இல் 100 அங்கேதான் இருக்கிறது. சூழலியல், பரிணாமமும் நடத்தையும், உயிரின வகைப்பாடு, ஆய்வு முறைகள், தாவர உடலியல் என்று ஐந்து அலகுகளில் ஆழமாக நின்றால் 'சி' பகுதிக்குத் தேவையானதில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். நான் அப்படித்தான் தேறினேன், இரண்டாவது முயற்சியில். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால் குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். கேள்வித்தாள் தமிழில் வராது. பழைய தாள்களை எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் உங்களுக்கே விளக்கிச் சொல்லிப் பழகுங்கள்.

பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வில் 'சூழலியலும் பரிணாமமும்' என்றே தனித் தாள் இருக்கிறது. பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். நம்மவர்கள் பலருக்கு இந்தத் தாள் இருப்பதே தெரியாது.

இன்னொரு விஷயம், இதில் ஏமாந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுக்கு அப்படியே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கவேண்டும். அதில் வருமான வரம்பு பற்றிய பகுதி இருப்பதால் பழையது செல்லாமல் போகலாம். விண்ணப்பம் வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல் ஏப்ரல், மே மாதமே வாங்கி வையுங்கள். வயது வரம்பில் தளர்வு கிடைப்பதும் இதை வைத்துத்தான். வீட்டில் ஒரே பெண் பிள்ளை என்றால் யு.ஜி.சி.யின் சாவித்ரிபாய் ஜோதிராவ் ஃபுலே உதவித்தொகையையும் பட்டியலினத்தவர் என்றால் அவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப்பையும் பாருங்கள்.

எங்கே படிப்பது

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறை நமக்கு மிகப் பக்கம். எம்.எஸ்சி.க்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அலையாத்தி, முகத்துவாரம், கடல் சார்ந்த ஆசை இருந்தால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். அறுபதுகளிலிருந்து வெள்ளாற்று முகத்துவாரத்தில் வேலை செய்கிறார்கள். காட்டுயிர் உயிரியலுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியையும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியையும் குறைத்து எண்ணாதீர்கள். குறைந்த செலவில் நல்ல ஃபீல்டு பழக்கம் கிடைக்கும்.

வெளியே என்றால் டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம், பெங்களூரில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம், இந்திய அறிவியல் நிறுவனத்தின் சூழலியல் அறிவியல் மையம். இந்த மையம்தான் முதுமலையில் 1988-இல் 50 ஹெக்டேர் ஆய்வுப் பகுதியைத் தொடங்கியது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) நடத்தும் காட்டுயிர் உயிரியல் எம்.எஸ்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் சேர்க்கை, பதினைந்து பேர் அளவில்தான் எடுப்பார்கள். அந்த நேர்முகத்தில் மனப்பாடம் உதவாது என்று அங்கே போன என் தோழி சொல்வாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைக் காட்டி அதைப் பற்றி என்ன கேள்வி கேட்பாய் என்றார்களாம்.

எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் இருந்தால் பிஎச்.டி.க்குத் தகுதி, ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குத் தளர்வு உண்டு. நான்கு வருட இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாகச் சேரலாம் என்று 2022 விதிகள் சொல்கின்றன. எம்.ஃபில். இனி கிடையாது. எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் ஒரு வருடம் திட்டப் பணியில் இருப்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். அந்த ஒரு வருடத்தில் புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியும் வரைபடங்களுக்கான கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். உங்கள் சொந்த நோட்டுத் தரவை வைத்தே கற்றால் மறக்காது. பெங்களூரில் வருடந்தோறும் நடக்கும் மாணவர் பாதுகாப்பு அறிவியல் மாநாட்டுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். உங்களைப் போலவே சின்ன ஊரிலிருந்து வந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

வெளிநாடும் போஸ்ட்டாக்கும்

அமெரிக்காவில் பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் உதவி ஆசிரியர் அல்லது ஆய்வு உதவியாளர் பணியாகவே சேர்ப்பார்கள். கட்டணம் தள்ளுபடியாகி மாதச் சம்பளமும் வரும். டிசம்பர் வாக்கில் விண்ணப்பம் முடியும். ஆகஸ்ட்டிலேயே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்கவேண்டும். சூழலியலில் ஒருவர் உங்களை ஏற்கச் சம்மதித்த பிறகு விண்ணப்பிப்பதுதான் வழக்கம். ஐரோப்பாவில் பல நாடுகளில் பிஎச்.டி. ஒரு வேலை, காலியிடமாகவே அறிவிப்பார்கள். எம்.எஸ்சி. முடித்திருக்கவேண்டும். இங்கேயே பதிந்திருப்பவர்கள் சில மாதம் பிரான்சில் போய் வேலை செய்ய ராமன் – சார்பாக் ஃபெல்லோஷிப்பும் அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் – நேரு முனைவர் ஃபெல்லோஷிப்பும் இருக்கின்றன.

போஸ்ட்டாக்கை ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு யோசித்தால் தாமதம். ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். பல ஃபெல்லோஷிப்புகளில் பிஎச்.டி. முடித்து இத்தனை வருடத்துக்குள் என்று கணக்கு உண்டு. ஜெர்மனியின் ஹும்போல்ட்டுக்கு நான்கு வருடம். வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரிக்கு எட்டு வருடம், கடைசித் தேதி செப்டம்பரில் வரும். மரி கியூரியில் ஒரு நிபந்தனை: போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் இருந்திருக்கக்கூடாது. எல்லாவற்றிலும் முதலில் அழைக்கும் ஆய்வாளர் வேண்டும், எனவே மறுபடி அதே கடிதம். நான் எழுதிய கடிதத்தில் வௌவால் இருந்தது, கூடவே எட்டு வருடத் தரவும் இருந்தது.

இந்தியாவுக்குள் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பை இப்போது அனுசந்தான் அறக்கட்டளை தருகிறது. இரண்டு வருடம், வயது 35-க்குள், பெண்களுக்கும் ஒதுக்கீட்டினருக்கும் ஐந்து வருடத் தளர்வு. மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி ஃபெல்லோஷிப் ஐந்து வருடம், மாதம் 1,25,000 ரூபாய், ஆய்வு நிதி வருடம் 7 லட்சம். வயது வரம்பு 32 என்பதால் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் பணி 58,000-இல் தொடங்கும். சின்னதாகச் சொந்தப் பாதுகாப்புத் திட்டம் நடத்த இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளை நிதி தரும். அதற்குப் பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம்.

அனுமதி

இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை, சொல்லாததால் மாணவர்களின் ஒரு பருவமே வீணாகிறது. சரணாலயத்துக்குள் ஆராய்ச்சி செய்ய 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விலங்கைப் பிடித்து அளவெடுக்கவேண்டும் என்றால் 12-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினமாக இருந்தால் மத்திய அரசின் ஒப்புதலும். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பச் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கேட்கவேண்டும். எனக்கு ஓர் அனுமதி வர எட்டு மாதம் ஆனது. பூக்கும் பருவம் அதற்குள் முடிந்திருந்தது. பிஎச்.டி.யில் பதிவு ஆன வாரமே விண்ணப்பியுங்கள். காத்திருக்கும் காலத்தில் அனுமதி தேவைப்படாத பொது இடத்தில் முறைகளைச் சோதித்துப் பாருங்கள்.

கோயில் காடு என்றால் அறநிலையத் துறை செயல் அலுவலருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கடிதம் கொடுங்கள். எந்த இடத்தில் செருப்போடு போகக்கூடாது, எந்த மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் மரங்களின் எண் தகடுகளை ஆணிக்குப் பதில் கயிற்றில் கட்டினேன், மரம் பருக்கப் பருக்க வருடம் இரண்டு முறை தளர்த்திவிட்டேன். எனக்குக் காட்டைச் சொல்லித் தந்தவர் ஓர் இருளர் பெரியவர். நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். எந்தப் புற்றில் என்ன இருக்கிறது, வௌவால் எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட என் ஆய்வேட்டில் வரவில்லை. உங்களோடு வருபவருக்கு நாள்கூலியை அன்றன்றே கொடுங்கள். திட்டத்துக்கு நிதி கேட்கும்போதே அந்தத் தொகையைத் தனி வரியாகப் போடுங்கள். கட்டுரையில் அவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, எழுதுங்கள்.

கன்னியக்கோயிலில் இறங்கிய தங்கை இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திருமாணிக்குழிக் கோயில் வாசலில் இருப்பேன், மரங்களை அளக்க. பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது. நீ ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும் கொண்டு வா, பேனா எழுத்து மழையில் கரைந்துவிடும்.